திரை சாராத் தமிழ்ப் பாடல்களில் முன்னம்

செய்யுளைத் தனிநிலை என்றும் தொடர்நிலை என்றும் பகுத்துக் காண்பது தமிழிலக்கண மரபு. ஒரு பாட்டே பொருள் முற்றித் தனித்து நிற்குமாயின் அது முத்தகம் எனப்படும். கதையொன்றன் உறுப்பாய் முன்னும் பின்னும் உள்ளனவற்றைச் சார்ந்து நிற்குமாயின் தொடர்நிலையின்பாற்படும். இப்பகுப்பு ஏட்டுச் செய்யுளுக்கே உரியதென்று நாம் எண்ணி அமைந்துவிடுகிறோம். தமிழ் மக்கள் நாள்தோறும் செவிமடுக்கும் பாட்டுகளுக்கும் அது பொருந்துமாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள்தொட்டுத் தமிழ்ப் பாட்டு என்றால் திரைப்பாட்டு என்று பொருள்படும் அளவுக்குத் திரையுலகம் இசையுலகைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. திரைப்பாட்டு தொடர்நிலையின் உறுப்பு. பாடுவோன் யார், எவரை நோக்கிப் பாடுகிறான், எவ்விடத்து எக்காலத்துப் பாடுகிறான் என்பனவெல்லாம் கதையால் முன்னரே வகுக்கப்பட்டுவிடும். பாடலாசிரியர் அவ்வகுப்புக்குள் நின்று சொற்களை அமைத்தால் போதும். இதற்குப் புறத்தே எழுந்த பாட்டுகளை இந்நாளில் 'இண்டி' என்றும், சுயாதீன இசை என்றும், தனியிசை என்றும் வழங்குகின்றனர். மூன்று பெயர்களும் ஒரு குறையுடையன. திரைப்படத்தைச் சாராதது, பெருநிறுவனத்தைச் சாராதது என்று 'அன்மை'யைக் கூறுகின்றனவேயன்றி, அப்பாட்டு யாது என்னும் 'உண்மை'யைக் கூறவில்லை. அன்மையால் இலக்கணம் கூறின் குன்றக்கூறலாம். திரையைச் சாராமை ஒரு பாட்டுக்குச் சிறப்பாகாது. சாராது நின்று அப்பாட்டு செய்தது யாது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்குரிய கருவி தொல்காப்பியத்திலேயே உளது. செய்யுளியல், செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்து, கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றொடு முன்னம் என்பதனையும் ஓர் உறுப்பாக வைத்தது. இவ்விடத்து இம்மொழி இன்னார் இன்னார்க்கு உரைத்தற்குரியது என்பது கூற்றின் உள்ளிருந்தே புலப்படுமாறு அமைதல் முன்னமாகும். அகநூற் பாட்டுகளின் அடியில் நாம் இன்று காணும் தலைவி கூற்று, தோழி கூற்று முதலிய குறிப்புகள் தொகுத்தோர் காலத்திலோ அதற்குப் பின்னரோ சேர்க்கப்பட்டன என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. குறிப்பினை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் படித்தாலும் பேசுவது தோழியே என்று தெளியும் பாட்டுகள் பல; குறிப்பு இன்றேல் தடுமாற வேண்டிய பாட்டுகள் சில. முன்னையவற்றில் முன்னம் முற்றியுள்ளது எனலாம். தனியிசைப் பாடலுக்கும் இதுவே உரைகல் என்பது எம் கருத்து. அதற்குக் கதை இல்லை. ஆதலின் கதை செய்யும் பணியைப் பாட்டின் சொல்லும் இசையும் தாமே செய்தல் வேண்டும்.

திரைப்பாட்டிலும் முன்னம் முற்றியன உளவே என்று வினவுவர். உள. கண்ணதாசன் பாடல்கள் பல, அவை இடம்பெற்ற படங்கள் மறக்கப்பட்ட பின்னரும் வாழ்வது அதனாலேயே. ஆயின் அங்கு அது மிகை. இங்கு அஃதின்றிப் பாட்டே இல்லை.

இனி, இவ்வுரைகல்லில் இட்டுப் பார்க்கத்தக்க பழம் பாட்டுகள் ஈழத்திலிருந்து கிடைக்கின்றன. 1952ஆம் ஆண்டுமுதல் சில ஆண்டுகள் இந்திய அரசின் வானொலி திரைப்பாடல்களைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருந்தது. 1957இல் விவித பாரதி தொடங்கும்வரை திரைப்பாட்டு வேண்டுவோர் இலங்கை வானொலியை நாடினர், அதன் பின்னரும் அதனை மறந்தாரல்லர். தமிழகத்துக்குத் திரைப்பாட்டை வாரி வழங்கிய அதே தீவில்தான் திரை சாராத் தமிழ்ப் பாட்டும் தழைத்தது என்பது எண்ணத்தக்கது. அங்குத் தமிழ்த் திரைப்படத் தொழில் பெரிதும் வளராமையின், புதுப்பாட்டுக் கட்ட விரும்பிய இளைஞர்க்குப் படம் என்னும் வாயில் இல்லை. கல்லூரி மேடையும் வானொலி நிலையமும் இசைத்தட்டுமே வாயில்களாயின. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் உள்நாட்டுக் கலைக்கு ஓரளவு இடம் அளித்தன.

அவ்விளைஞர் கைக்கொண்ட மெட்டு பைலா. 1505இல் ஈழக் கரையை அடைந்த போர்த்துக்கேயர் வழியாகவும், அவரொடு வந்த ஆப்பிரிக்கர் வழியாகவும் வேரூன்றிய ஆடலிசை அது. பெயரும் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லடியாகப் பிறந்தது. ஆறெண்ணிக்கையில் துள்ளி நடப்பது அதன் தாளம். சிங்களத்தில் இதனைப் பெருவழக்காக்கியவர் காவல்துறைப் பணியிலிருந்த வோலி பஸ்தியன். தமிழில் இவ்வகைப் பாட்டுகள் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் பெயர் பெற்றன. துள்ளிசை என்னும் பெயரைக் கேட்டவுடன் கலிப்பாவுக்குரிய துள்ளலோசை நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டற்கும் வரலாற்றுத் தொடர்பு கூறுதல் பொருந்தாது. ஆயினும் கலித்தொகையில் உரையாடற் பாட்டுகள் மிகுதல் போலத் துள்ளிசையிலும் உரையாடல் சிறந்து நிற்றலைக் காணும்போது, துள்ளும் ஓசை இருவர் மாறி மாறிப் பேசுதற்கு இயைந்தது போலும் என்று எண்ணத் தோன்றுகிறது.

அவற்றுள் தலைசிறந்தது நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' என்னும் பாட்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் அமைந்து, 1960களின் பிற்பகுதியிலிருந்து வழங்கி வருவது. ஓர் இளைஞன் தன் மாமியை விளித்து அவள் மகள் எங்கே என்று வினவுகிறான். பள்ளிக்குப் போனாளோ, படிக்கப் போனாளோ என்று தானே விடையும் தேடுகிறான். மாமி அவனை மருமகனே என்று அழைத்து, ஆம், படிக்கத்தான் போயிருக்கிறாள் என்கிறாள். அவனுக்கு அமைதி இல்லை. ஊரில் இளைஞர்கள் பெண்களைக் கண்டால் கண் சிமிட்டும் காலமாயிற்றே, அவளை ஏன் விட்டீர் என்று கடிகிறான்.

பாட்டின் முதற்சொல்லே விளி. மாமி என்னும் உறவுப்பெயர் ஒன்றினாலேயே பேசுவோன் முறைமாப்பிள்ளை என்பதும், கேட்போர் யார் என்பதும், அவ்வினாவைக் கேட்க அவனுக்குள்ள உரிமை யாது என்பதும் ஒருங்கே பெறப்படுகின்றன. வேறு அறிமுகம் வேண்டா. களன் வீட்டு வாயில். காலம் மகள் வெளியே சென்றிருக்கும் பகற்பொழுது. மகள் பாட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை, தோன்றவுமில்லை. ஆயினும் பாட்டு முழுவதும் அவளைப் பற்றியதே. இனி மெய்ப்பாட்டை நோக்குவோம். பிற இளைஞர்மேல் ஏற்றிக் கூறும் குற்றத்துக்கு அவனும் உரியவன்தானே என்னும் நகை சொல்லாமலே விளங்குகிறது. அந்நகைக்கு அடியில் ஓர் அச்சமும் உண்டு. முறைப்பெண் தனக்கே என்றிருந்த உறுதியைக் கல்வி அசைக்கத் தொடங்கிய காலம் அது. பெண்கள் புத்தகத்தோடு தெருவில் நடந்து சென்றபோது உறவுமுறை என்னும் வேலி எவ்வாறு தளர்ந்தது என்பதைச் சமூகவியலார் பல பக்கங்களில் எழுதுவர். இங்கோ ஆடற்றாளத்தில் அமைந்த சில அடிகள் அதனைக் காட்டிவிடுகின்றன. இளைஞன் வருந்துகிறான்; தாளமோ சிரிக்கிறது. அவ்வருத்தத்தைக் கவிஞர் எவ்வளவில் மதிக்கிறார் என்பதற்கு அத்தாளமே சான்று. இசை இங்கு வெறும் ஊர்தியன்று; அதுவும் முன்னத்தின் ஒரு கூறு.

அவரே பாடிய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் இத்தகையது. மதுவிலக்கு அறவுரையை மது விருந்துக்கேற்ற மெட்டில் அமைத்த துணிவு பாராட்டத்தக்கது. அவ்வறவுரை எவர் வாயில் மிகுதியும் ஒலிக்கிறது என்பதனைத் திருமண வீடுகளுக்குச் செல்வோர் அறிவர்.

ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யின் நிலை வேறு. அதன் பல்லவி சிங்களம், இடையிடையே தமிழ். சுராங்கனி என்பாளுக்கு மீன் கொண்டுவந்தமையைப் பல்லவி கூறுகிறது. பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை காட்டாது. தமிழில் 'கொண்டுவந்தேன்' என்றால் பேசுவோனும், 'கொண்டுவந்தான்' என்றால் பேசப்படுவோனும் தெளிவாவர். அங்கு அவ்வேறுபாடு இல்லை. மீன் கொணர்ந்தவனே பாடுகிறானா, அவனைக் கண்டோர் பாடுகின்றனரா என்பது சொல்லால் தெளியாது. ஆதலின் கூட்டமாகப் பாடுவதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. பாடும் ஒவ்வொருவரும் மீன் கொணர்ந்தவராகலாம். முன்னம் நெகிழ்ந்து நிற்பதே இப்பாட்டின் வலிமை. எனினும் மீனும் அதன் புதுமையும் நெய்தற் களனை உறுதிப்படுத்துகின்றன. சிங்களம் அறியாத தமிழகத்தார்க்கு அக்களனும் மறைந்தது. பல்லவி பொருளற்ற ஒலியின்பமாய் மட்டும் எஞ்சியது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் படத்தில் இப்பாட்டு இடம்பெற்றபோது முத்தகம் தொடர்நிலைக்குள் புகுந்தது. ஒலியின்பம் பெருகியது, மீன்மணம் போயிற்று. இரு மொழி பேசும் மக்கள் ஒரு கரையில் ஒரு பாட்டைப் பகிர்ந்துகொண்ட செய்தியும் அதனொடு போயிற்று. 1983இன் கொடுமைகளுக்குப் பின்னர் அப்பாட்டைக் கேட்போர்க்கு இவ்விழப்பு சிறிதாகத் தோன்றாது.

இப்பாட்டுகள் இன்று மீண்டும் கண்டெடுக்கப்படுகின்றன. பழைய இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடி யூடியூப் முதலியவற்றில் ஏற்றுவோர் தொண்டு பெரிது. ஆயின் கண்டெடுத்த மகிழ்ச்சி வேறு, கண்டது நன்றோ என்னும் ஆராய்ச்சி வேறு. அரிதாகக் கிடைத்தமை ஒன்றையே சிறப்பாகக் கொண்டு புகழ்வோர் பலராக உள்ளனர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது ஏடு கிடைத்ததென்று கூறி அமைந்தாரல்லர். பாடவேறுபாடு ஒப்பிட்டார், விளங்காதவற்றுக்கு விளக்கம் தேடினார், பாடினோர் வரலாறு தொகுத்தார். நூறாண்டு அகவை நிரம்பாத இப்பாட்டுகளுக்கு அவ்வுழைப்பில் பத்தில் ஒரு பங்கும் இதுகாறும் செலவிடப்படவில்லை. 'சின்ன மாமியே' பாட்டைச் சிலோன் மனோகர் பாட்டு என்றே கருதுவோர் தமிழகத்தில் இன்றும் உளர். பள்ளிச் சுற்றுலாப் பேருந்திலும் திருமண மேடையிலும் வாய்மொழியாய் வழங்கிய பாட்டு ஆதலின் அடிகள் கூடியும் குறைந்தும், யாழ்ப்பாணச் சொற்கள் தமிழக வழக்காய்த் திரிந்தும் கிடைக்கின்றன. இளைஞரைக் குறிக்கும் 'பொடியள்' என்னும் சொல்லைத் தமிழகத்துப் பாடகர் மாற்றிவிடின் எழுத்தெண்ணிக்கை கெடுவதில்லை. ஆனால் வீட்டு வாயில் இடம்பெயர்ந்துவிடுகிறது. இத்தகைய பாடவேறுபாடுகளைத் தொகுத்தல் முதுகலை மாணாக்கர்க்கு ஏற்ற ஆய்வுப்பொருள். பாடினோருள் ஏ. ஈ. மனோகரன் 2018இல் மறைந்தார். அக்காலத்தை நேரில் அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

புதுப் பாட்டுகளுக்கு வருவோம். கணினியும் ஒலிவாங்கியும் உடையோர் எவரும் வீட்டிலிருந்தே பாட்டு வெளியிடலாம் என்னும் நிலை வந்தபின் தனியிசை பெருகியது. பெருகியவற்றுள் மிகப் பல படமில்லாத படப்பாட்டுகள் என்றே கூறவேண்டும். தலைவன் கூற்றாய்த் தொடங்கும். எத்தலைவன், எவ்வூர், என்ன தடை என்பன ஒன்றும் தெரியா. அக்குறையை நிரப்பப் பாட்டொடு ஒரு காட்சிப்படம் வரும். அகப்பாட்டின் அடியிலுள்ள குறிப்பு செய்யும் வேலையை அக்காட்சி செய்கிறது. காட்சியை நீக்கிவிட்டால் பாட்டு எவர் வாயிலும் பொருந்தும், எவர்க்கும் உரியதாகாது. 2024இல் பெரும்புகழ் பெற்ற 'கட்சி சேர' இதற்கு எடுத்துக்காட்டு. அதன் மெட்டு புதுமையுடையது; தாளக்கட்டு செவிக்கு இனியது. சொற்களோ எப்படத்தின் எக்காட்சியிலும் ஊறின்றி அமரும். அதன் இசையமைப்பாளர் சாய் அபயங்கர் விரைவிலேயே திரையிசைக்கு அழைக்கப்பெற்றதில் வியப்பொன்றும் இல்லை. இது பழிப்பன்று, முத்தகத்தின் தேவையை அப்பாட்டு மேற்கொள்ளவில்லை என்பதே எம் கூற்று.

இதற்கு மாறாக, 2018 சனவரியில் சென்னையில் அரங்கேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் பாட்டில் கூற்று ஐயத்துக்கிடமின்றி விளங்குகிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் முன்னின்று அமைத்த குழு அது. பெயர், அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தை அடியொற்றியது. வடசென்னைக் கானாவும் பறையும் கிதாரும் கூடிய இசை. கானா பண்டே தனிநிலைப் பாட்டு. சாவு வீட்டில் இறந்தோர்க்காகப் பாடப்படுவது அதன் தொல்வழக்குகளுள் ஒன்று. அங்குப் பாடுவோனும் கேட்போரும் களனும் வெளிப்படை. அம்மரபை அடிப்படையாகக் கொண்டமையால் இக்குழுவினர்க்கு முன்னம் எளிதில் வாய்த்தது. பேசுவோர் 'நாங்கள்', கேட்போர் எதிரே நிற்கும் சமூகம். உணவுரிமையையும் இடவொதுக்கீட்டையும் பற்றிய பாட்டுகள் வாதத்தின் வன்மையால் நிற்கின்றன. ஆயினும் வாதம் மிக்கவழிக் களன் மெலிகிறது, மேடையே களனாகிவிடுகிறது. மேடைக்கு வெளியே தனித்திருந்து கேட்பார்க்கு அவை சொற்பொழிவை நினைவூட்டுதலும் உண்டு. கானாவின் துயரத்தை உட்கொண்ட இடங்களில் இக்குறை இல்லை.

இக்குழுவில் பாடிய அறிவு எழுதி, தீ அவர்களுடன் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பழைய ஈழப் பாட்டுக்கும் இப்புதுப் பாட்டுக்கும் இடையே எதிர்பாராத உறவு ஒன்று இருத்தலின். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துப் பின் தமிழகம் மீண்ட தம் முன்னோரின், சிறப்பாகத் தம் பாட்டியின், வாழ்வே இப்பாட்டுக்கு மூலம் என்று அறிவு கூறியுள்ளார். 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாத்திரி உடன்படிக்கையால் எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்ட மக்களின் வழியினர் குரல் அது. அவ்வுடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. யாழ்ப்பாணத்து வீட்டு வாயிலில் இளைஞன் மாமியோடு வழக்காடிய பாட்டு பரவிய அதே ஆண்டுகளில், மலையகத்திலிருந்து குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. துள்ளிசையில் அவர்கள் குரல் கேட்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத் தமிழகத்திலிருந்து கேட்டது.

இவ்வரலாறு பாட்டுக்குப் புறத்தே உள்ளது. அறியாதார்க்கும் பாட்டு விளங்குமோ என்பதே நம் வினா. விளங்கும் என்பதே விடை. நிலத்தையும் நீரையும் எல்லா உயிர்க்கும் பொதுவாக விட்டுச் சென்ற முன்னோரை நினைக்கும் பகுதியில் பேசுவோர் முதுமையுடையோர் என்பது தெளிவு. பின்னர், தான் வளர்த்த தோட்டம் தழைத்தும் தன் தாகம் தீரவில்லை என்னும் பொருள்பட ஒப்பாரி நடையில் ஓரிடம் வருகிறது. அவ்வோரிடமே போதும். நட்டவர் ஒருவர், நுகர்ந்தவர் வேறொருவர் என்பது தேயிலை என்னும் சொல் இன்றியே பெறப்படுகிறது. வரலாறு அறிந்தார்க்குத் தோட்டம் என்பது மலைச்சரிவு. அறியாதார்க்கு அது எந்நிலமுமாகலாம். இரு வழியும் பொருள் சிதையவில்லை. சங்கப்பாட்டின் அடிக்குறிப்பு நல்ல பாட்டுக்கு எத்துணை உதவுமோ அத்துணையே இவ்வரலாறும் உதவுகிறது.

குறையும் ஒன்றுண்டு. முற்பகுதியின் குயிலோசையும் களிப்பும் மிகப் பெரிதாய் ஒலிப்பதால் ஒப்பாரிப் பகுதி பலர் செவியில் ஏறாமல் போகிறது. 'சுராங்கனி'க்குத் தமிழகத்தில் நேர்ந்தது இதற்கும் நேர்கிறது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் இப்பாட்டு அறிவு இன்றி அரங்கேறியபோது, பாட்டு யாருடையது என்னும் பூசல் எழுந்தது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஒவ்வொருவரும் தத்தம் பங்கினை எடுத்துரைத்தனர். அவ்வழக்கைத் தீர்ப்பது எம் பணியன்று. பாட்டினுள் பேசும் முதியவளுடைய கூற்று எவர் வழியாக வந்தது என்பதைக் கேளாமல் பாட்டின் முன்னத்தை ஆராய இயலாது என்பதை மட்டும் கூறுவோம்.

இனிக் கேட்போர் பற்றி ஒன்று. தலைப்பிலுள்ள 'சாமி' என்னும் விளி, கூலியாள் நிலவுடையவரை அழைக்கும் சொல். பாட்டி பேரனைக் கொஞ்சி அழைக்கும் சொல்லும் அதுவே. முதற்பொருளில் கேட்போர் தோட்டத்தின் பயனை நுகர்ந்தவர். இரண்டாம் பொருளில் அதனைப் பெறவேண்டியவர். நுகர்க என்னும் ஆங்கில ஏவற்சொல்லை அவ்விளியோடு சேர்க்கும்போது, முன்னவரை நோக்கின் அது பழிச்சொல்லாகிறது, பின்னவரை நோக்கின் வாழ்த்தாகிறது. இரு பொருளும் ஒருங்கே ஒலிக்குமாறு பாடியிருப்பதால் உரைகாரர் ஒன்றனைத் தேர்ந்து மற்றொன்றை விலக்குதல் பொருந்தாது. இப்பாட்டுக்குக் குறிப்பு எழுதப் புகுவார், 'பாட்டி பேரனுக்கு உரைத்தது. நிலவுடையோன் கேட்பச் சொல்லியதுமாம்' என்று எழுதுதல் தகும்.